இரண்டு மணி ஆய்வகம்

சிகாகோ பல்கலைக்கழகத்தின் ரீகன்ஸ்டைன் நூலகத்துக்கு நான் முதலில் போனது தமிழ்ப் புத்தகங்களைத் தேடித்தான். குறுந்தொகையை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோன ஏ.கே. ராமானுஜன் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பாடம் சொன்ன இடம் அது. ஊரில் எந்தக் கடையிலும் கிடைக்காத பழைய பதிப்புகள் அங்கே வரிசையாக நிற்பதைக் கண்டு, பிற்பகல் முழுவதும் அலமாரிகளுக்கு நடுவே தரையில் உட்கார்ந்தே படித்தேன். வெளியே வந்து எல்லிஸ் அவென்யூவில் நடந்தபோது, இரண்டு ஆள் உயரத்தில் ஒரு வெண்கலச் சிற்பம் கண்ணில் பட்டது. ஒரு பக்கம் பார்த்தால் மண்டையோடு, இன்னொரு பக்கம் பார்த்தால் காளான் மேகம். ஹென்றி மூர் வடித்தது. 1942 டிசம்பர் 2 அன்று என்ரிகோ ஃபெர்மியின் குழு, மனிதர் கட்டிய முதல் அணு உலையை இயக்கிக்காட்டிய இடம் அது.

அந்த உலை ஒரு ஸ்டேடியத்தின் மேற்கு மாடத்துக்கு அடியில், சுவர்ப்பந்து ஆடும் அறையில் கட்டப்பட்டது. ஏறத்தாழ 50,000 பேர் உட்கார்ந்து பார்த்த ஸ்டாக் மைதானம் அது. 1957-ல் இடித்தார்கள். 1970-ல் அந்த நிலத்தில் நூலகம் திறந்தார்கள். நான் குறுந்தொகை படித்துக்கொண்டிருந்த தரைக்குக் கீழே ஒரு காலத்தில் கால்பந்து மைதானம் இருந்திருக்கிறது.

இதைத் தெரிந்துகொண்டபோது எனக்கு மனம் நெகிழ்ந்துபோனது. காரணம், நான் முனைவர் பட்டத்துக்குப் படித்த பல்கலைக்கழகத்தில் இதற்கு நேர்மாறானதைப் பார்த்திருந்தேன். செலவைக் குறைக்க ஆய்விதழ்களின் சந்தாவை நூலகம் நிறுத்திய அதே ஆண்டில், ஸ்டேடியத்தில் ஒரு கட்டடம் அளவுக்குப் புதிய திரை எழும்பியது. அந்த இரண்டையும் ஒரே பேருந்து நிறுத்தத்தில் நின்று பார்க்கலாம்.

நம்மூர் வாசகர்களுக்கு ஒரு விளக்கம் தேவைப்படும். அமெரிக்கக் கால்பந்து என்பது முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் முட்டி மோதியும் ஆடும் ஆட்டம். தொழில்முறை அணிகளுக்கு வீரர்களைத் தயார் செய்து அனுப்புவது அங்கே பல்கலைக்கழகங்களின் வேலையாகவே ஆகிவிட்டது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஸ்டேடியத்தில் 1,07,601 இருக்கைகள். பெரும்பாலான மாநிலங்களில் அரசுச் சம்பளம் பெறுவோரிலேயே அதிகம் வாங்குபவர் ஆளுநரும் இல்லை, துணைவேந்தரும் இல்லை. கால்பந்து அல்லது கூடைப்பந்துப் பயிற்சியாளர். நான் படித்த திருச்சிக் கல்லூரியில் உடற்கல்வி ஆசிரியர் ஒருவரும், வலை கிழிந்த கைப்பந்து மைதானம் ஒன்றும் இருந்தன. அங்கிருந்து வந்தவனுக்கு முதல் சனிக்கிழமையே மூச்சடைத்துவிட்டது. பிடித்தும் இருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும். ஊரே ஒரு நிறச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்புவதும், வாண்டுகள் அப்பாவின் தோளில் ஏறிக்கொண்டு பாட்டுப் பாடுவதும், யாரென்றே தெரியாதவர்கள் கட்டிப்பிடித்துக்கொள்வதும் சின்ன விஷயங்கள் இல்லை. முதல் இரண்டு ஆண்டுகள் ஒரு ஆட்டத்தைக்கூட நான் தவறவிட்டதில்லை.

பிறகுதான் அந்தப் பையன் என் வகுப்புக்கு வந்தான்.

2013 இலையுதிர் பருவம். நான் முதலாண்டு மாணவர்களுக்குப் புள்ளியியல் பயிற்சி வகுப்பு எடுக்கும் ஆசிரிய உதவியாளர். அவன் ஜார்ஜியா மாநிலத்துச் சிற்றூர்க்காரன். கதவு நிலையில் குனிந்துதான் உள்ளே வருவான். தெற்கத்திய வழக்கப்படி என்னை "சார்" என்றே அழைப்பான். மற்ற மாணவர்கள் பெயர் சொல்லிக் கூப்பிடும் நாட்டில் அந்தச் சொல் எனக்குச் சொந்த ஊரை நினைவூட்டும். கணக்கை மனத்திலேயே போட்டுவிடுவான். ஆனால் காலை ஒன்பது மணி வகுப்பில் இருபது நிமிடத்துக்குள் கண் சொக்கிவிடும். முழங்காலில் ஐஸ் பையைப் பிளாஸ்டிக் தாளால் சுற்றிக் கட்டியிருப்பான். அது உருகி, அவன் எழுந்து போன பிறகு நாற்காலிக்கு அடியில் சின்னக் குட்டையாகத் தண்ணீர் நிற்கும்.

ஒருநாள் கூடுதல் பாடத்துக்கு நேரம் குறிக்கலாம் என்று அவனுடைய கால அட்டவணையைக் கேட்டேன். பையிலிருந்து நான்காக மடித்த தாளை எடுத்து மேசையில் விரித்தான். காலை ஐந்தரைக்கு எடை தூக்கும் பயிற்சி. ஏழு மணிக்கு அணியோடு சிற்றுண்டி. பன்னிரண்டரைக்குக் கணுக்காலுக்குக் கட்டுப் போடுதல். ஒரு மணிக்கு எதிரணியின் ஆட்டப் பதிவைப் பார்த்தல். இரண்டு முதல் ஐந்தரை வரை மைதானம். ஏழு முதல் ஒன்பது வரை மேற்பார்வையில் கட்டாயப் படிப்பு. இவையெல்லாம் அச்சிட்டு வந்திருந்தன. எட்டு மணிக்கும் பன்னிரண்டு மணிக்கும் நடுவே இருந்த வெற்றுக் கட்டங்களில் மட்டும் அவன் வகுப்புகளைப் பென்சிலால் எழுதியிருந்தான். என் வகுப்பும் பென்சிலில்தான் இருந்தது.

அவன் அப்பா நெடுஞ்சாலைப் பாலங்களுக்குக் கம்பி கட்டுபவர். இவனுக்குச் சிவில் எஞ்சினியரிங் படிக்க ஆசை. "ஏன் சேரவில்லை?" என்று கேட்டேன்.

"ஆய்வகம் செவ்வாய், வியாழன் இரண்டு மணிக்கு, சார்" என்றான். அவ்வளவுதான் பதில். விளையாட்டுத் துறையின் பாட ஆலோசகர் அவனை மேலாண்மைப் பிரிவுக்கு அனுப்பியிருந்தார். அங்கே எல்லா வகுப்பும் மதியத்துக்குள் முடிந்துவிடும்.

அவனைப் பற்றி விளையாட்டுத் துறையிலிருந்து எனக்குப் பருவத்துக்கு மூன்று முறை ஒரு படிவம் வரும். வருகைப்பதிவு எத்தனை, இப்போதைய மதிப்பெண் என்ன, தேர்ச்சி பெறுவாரா என்று மூன்று கட்டங்கள். அவற்றை நிரப்பி அனுப்பினேன். அவன் எதைப் படிக்க விரும்புகிறான் என்று கேட்க அந்தப் படிவத்தில் இடமில்லை.

மறு ஆண்டு பிப்ரவரியில் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் கால்பந்து வீரர்கள் தொழிற்சங்கம் அமைக்க உரிமை கேட்ட விசாரணை நடந்தது. அணியின் முன்னணி ஆட்டக்காரர் கெய்ன் கோல்டர் சாட்சி சொன்னார். மருத்துவம் படிக்கும் எண்ணத்தோடு வந்தவர் அவர். பயிற்சி நேரத்தோடு மோதிய வேதியியல் வகுப்பை எடுக்க முடியாமல் போனது என்றார். செய்தியைப் படித்துவிட்டு அந்தப் பென்சில் எழுத்தை நினைத்துக்கொண்டேன். ஆட்டக்காலத்தில் வாரம் 40 முதல் 50 மணி நேரம் அந்த வீரர்கள் ஆட்டத்துக்கே செலவிடுகிறார்கள் என்று தொழிலாளர் உறவு வாரியத்தின் வட்டார அதிகாரி கண்டறிந்தார். கல்லூரி விளையாட்டுகளை ஆளும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் விதியோ வாரத்துக்கு 20 மணி நேரம்தான் என்கிறது. எப்படிக் கணக்கு ஒத்துப்போகிறது? பயண நேரம் கணக்கில் வராது. காயத்துக்குச் சிகிச்சை பெறும் நேரம் வராது. "விருப்பப்பட்டு" செய்யும் பயிற்சி வராது. போட்டி நடக்கும் நாள், விடியலில் தொடங்கி நள்ளிரவில் முடிந்தாலும், 3 மணி நேரம் என்றே எழுதப்படும். அந்தச் சங்க மனுவை 2015-ல் வாரியத்தின் தலைமை, தன் வரம்புக்குள் எடுத்துக்கொள்ள மறுத்துத் தள்ளிவிட்டது.

சிகாகோவுக்குத் திரும்புகிறேன். 1892-ல் அந்தப் பல்கலைக்கழகம் திறந்தபோதே அதன் முதல் தலைவர் வில்லியம் ரெய்னி ஹார்ப்பர், ஆமோஸ் அலான்ஸோ ஸ்டாக் என்பவரைப் பயிற்சியாளராக அழைத்துவந்து, பேராசிரியருக்கு உரிய நிரந்தரப் பதவியும் கொடுத்தார். புதிய பல்கலைக்கழகத்துக்குப் பெயர் வேண்டும். நாளிதழ்களில் இடம் வேண்டும். கால்பந்து இரண்டையும் கொடுத்தது. ஸ்டாக் 41 பருவங்கள் அங்கே இருந்தார். இன்று ஹைஸ்மன் கோப்பை என்று புகழ்பெற்றிருக்கும் விருதை 1935-ல் முதன்முதலில் வென்றவர் சிகாகோ மாணவர் ஜே பெர்வாங்கர்தான்.

1929-ல், முப்பது வயதில், ராபர்ட் மேனார்ட் ஹட்சின்ஸ் தலைவராக வந்தார். எழுபதை எட்டிய ஸ்டாக்குக்கு ஓய்வு கொடுத்தார். 1938 டிசம்பரில் ஒரு பிரபல வார இதழில் எழுதிய கட்டுரையில், கேடு எல்லாம் நுழைவுச்சீட்டு வசூலில் இருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டினார். டிக்கெட் விலையைப் பத்து சென்ட்டாகக் குறையுங்கள் என்று யோசனை சொன்னார். மறு ஆண்டு சிகாகோ அணி மிச்சிகனிடம் 85-0, ஓஹியோ ஸ்டேட்டிடம் 61-0, ஹார்வர்டிடமும் 61-0 என்று தோற்றது. 1939 டிசம்பர் 21 அன்று ஆட்சிக்குழு பல்கலைக்கழகக் கால்பந்தையே நிறுத்திவிட்டது.

தோற்றதால் விட்டார்கள் என்று சொல்வோர் உண்டு. தோல்வி கைகொடுத்தது என்பது உண்மைதான்; வென்றுகொண்டிருந்த அணியை எந்த ஆட்சிக்குழுவும் கலைத்திருக்காது. ஆனால் தோற்ற அணிகளுக்கு எல்லாம் அன்றும் இன்றும் கிடைப்பது புதிய பயிற்சியாளரும் கூடுதல் பணமும்தானே? அதே தோல்வியை வைத்துக்கொண்டு, எதற்காக இந்தப் பல்கலைக்கழகம் இருக்கிறது என்று கேட்டவர் ஹட்சின்ஸ்.

அவரை நான் மதிக்க இன்னொரு காரணமும் இருக்கிறது. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்ரமணியன் சந்திரசேகர் 1937-ல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் யெர்க்ஸ் வானாய்வகத்துக்கு வந்தார். அவரை அழைத்ததில் ஹட்சின்ஸுக்குப் பங்கு உண்டு. நிறத்தைக் காரணமாக்கி அவர் வளாகத்தில் பாடம் நடத்துவதற்கு ஒரு டீன் மறுப்புச் சொன்னபோது, நடத்தட்டும் என்று உறுதியாகச் சொன்னவரும் அவர்தான். பின்னாளில் சந்திரசேகர், விஸ்கான்சினில் இருந்த அந்த வானாய்வகத்திலிருந்து ஏறத்தாழ 80 மைல் கார் ஓட்டிவந்து ஒரு வகுப்பு எடுத்தார் என்றும், அதில் பதிவு செய்திருந்தவர்கள் இரண்டே மாணவர்கள் என்றும் பரவலாகச் சொல்வார்கள். லீ, யாங் என்ற அந்த இருவருக்கும் 1957-ல் இயற்பியல் நோபல் கிடைத்தது. ஆசிரியருக்குக் கிடைத்தது 1983-ல். எனக்கு அந்தக் கதையில் பிடித்தது நோபல் பரிசுகள்கூட இல்லை. குளிர்காலத்தில், பனி விழும் சாலையில், இரண்டு பேருக்காக ஒருவர் அத்தனை தூரம் வரலாம் என்று ஒரு பல்கலைக்கழகம் விட்டுவைத்திருந்ததே, அதுதான். இரண்டு பேர் படிக்கும் வகுப்பு எந்த வரவு செலவுக் கணக்கிலும் தேறாது.

வசூல்தான் கேடு என்று ஹட்சின்ஸ் சொன்னது நுழைவுச்சீட்டுக் காலத்தில். தொலைக்காட்சி வந்த பிறகு என்ன ஆனது என்பதுதான் எனக்கு ஆறாத விஷயம். எந்த ஆட்டத்தை, எத்தனை முறை ஒளிபரப்பலாம் என்பதை ஒரு காலத்தில் என்.சி.ஏ.ஏ. கட்டுப்படுத்தியது. ஓக்லஹோமா, ஜார்ஜியா பல்கலைக்கழகங்கள் வழக்குத் தொடுத்தன. 1984-ல் உச்ச நீதிமன்றம் 7-2 என்று அந்தக் கட்டுப்பாட்டை உடைத்தது. மறுப்புத் தீர்ப்பு எழுதிய நீதிபதி பைரன் வைட் மாணவராக இருந்தபோது நாடறிந்த கால்பந்து வீரர். இதை வெறும் வணிகமாகப் பார்க்காதீர்கள், கல்வியின் பகுதியாகப் பாருங்கள் என்பதுதான் அவருடைய வாதத்தின் சாரம். மைதானத்தில் நின்று பார்த்தவருக்குத்தான் அது தெரிந்திருக்கிறது.

அதற்குப் பிறகு நேரம் என்பது ஒளிபரப்புக்காரர்களின் கைக்குப் போய்விட்டது. மத்திய மேற்கில் சில சிறிய பல்கலைக்கழகங்கள் நவம்பர் மாதங்களில் செவ்வாய், புதன் இரவுகளில் ஆடுகின்றன. சனிக்கிழமை பெரிய அணிகளுக்கு நடுவே அவர்களைத் தொலைக்காட்சியில் யாரும் பார்க்க மாட்டார்கள். வாரநாளில் ஆடினால் காட்டுவார்கள். மறுநாள் காலை எட்டு மணிக்கு வகுப்பு இருப்பது ஒப்பந்தத்தில் வராது. 2024 முதல் ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியும் அட்லாண்டிக் கடற்கரைக் கூட்டமைப்பில் ஆடுகின்றன. இரண்டும் பசிபிக் கரையில் இருப்பவை! பாஸ்டனுக்கு ஒரு ஆட்டம் ஆடப் போக வேண்டுமென்றால் 2,500 மைலுக்கு மேல் பறக்க வேண்டும். பணம் ஈட்டுவது கால்பந்து. பறப்பதோ, கைப்பந்து ஆடும் மாணவிகளும்தான். அவர்களில் ஒருத்தி விமான நிலையத் தரையில் உட்கார்ந்து உயிரியல் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருப்பாள் என்று நினைத்தாலே எனக்கு ஆத்திரம் வருகிறது.

இவ்வளவும் செய்து பணமாவது மிஞ்சுகிறதா? 2019-ல் ஏறத்தாழ 1,100 உறுப்புக் கல்லூரிகளில் செலவை விஞ்சி வரவு கண்டவை 25 மட்டுமே என்பது என்.சி.ஏ.ஏ.வின் சொந்தக் கணக்கு. மற்ற இடங்களில் பற்றாக்குறையைப் பல்கலைக்கழகம் ஈடுசெய்கிறது. பல பொதுப் பல்கலைக்கழகங்களில் ஸ்டேடியம் பக்கமே போகாத மாணவரின் கட்டணத்திலும் விளையாட்டுத் துறைக்கு ஒரு பங்கு போகிறது. இரவில் கடையில் வேலை பார்த்துப் படிப்பவரும் அதைக் கட்டுகிறார்.

எல்லாவற்றிலும் என்னை அதிகம் வருத்தியது சாப்பல் ஹில்லில் இருக்கும் வடகரோலினா பல்கலைக்கழகத்தின் கதை. 2014-ல் வெளியான விசாரணை அறிக்கை சொன்னது இது: 18 ஆண்டுகளாக ஒரு துறையில் பெயரளவுக்கு மட்டுமே வகுப்புகள் இருந்திருக்கின்றன; மாணவர்கள் ஒருநாளும் கூடியதில்லை. ஆசிரியர் இல்லை, பாடம் இல்லை. பருவ இறுதியில் ஒரு கட்டுரை கொடுத்தால் போதும். அதற்கு மதிப்பெண் போட்டது அலுவலக ஊழியர். அவற்றில் சேர்ந்தவர்கள் 3,100 பேருக்கு மேல். ஏறத்தாழப் பாதிப்பேர் விளையாட்டு வீரர்கள். அந்தத் துறை ஆப்பிரிக்க, ஆப்பிரிக்க-அமெரிக்க ஆய்வுத் துறை என்பது இன்னும் வலிக்கிறது. தங்கள் வரலாற்றைப் படிக்க வந்திருக்கக்கூடிய கறுப்பின மாணவர்களுக்கு அந்தத் துறையின் பெயரிலேயே வெற்று வகுப்பைக் கொடுத்திருக்கிறார்கள். 2017-ல் என்.சி.ஏ.ஏ. அந்தப் பல்கலைக்கழகத்துக்குத் தண்டனை எதுவும் விதிக்கவில்லை. அந்த வகுப்புகளில் எல்லா மாணவர்களும் சேர முடிந்ததால், வீரர்களுக்கு மட்டும் தனிச் சலுகை என்று தன் விதிகளின்படி நிரூபிக்க இயலவில்லை என்றது.

இப்போது காற்று மாறிவிட்டது என்கிறார்கள். 2021 ஜூனில், என்.சி.ஏ.ஏ.வுக்கு எதிராக வீரர்கள் தொடுத்த ஆல்ஸ்டன் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக வீரர்களின் பக்கம் நின்றது. அடுத்த மாதமே அவர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் விளம்பரத்துக்குக் கொடுத்துச் சம்பாதிக்க அனுமதி வந்தது. 2025 ஜூன் 6 அன்று ஒப்புதல் பெற்ற, ஹவுஸ் என்ற வீரரின் பெயரால் அறியப்படும் வழக்கின் சமரசப்படி, முன்னாள் வீரர்களுக்கு ஏறத்தாழ 280 கோடி டாலர் நிலுவை; இனி ஒவ்வொரு பல்கலைக்கழகமும் முதல் ஆண்டில் 2.05 கோடி டாலர் வரை வீரர்களுக்கு நேரடியாகத் தரலாம். இதை நான் மனமார வரவேற்கிறேன். "மாணவ வீரர்" என்ற சொல்லே 1950களில், காயப்பட்டவர்கள் தொழிலாளர் இழப்பீடு கேட்டுவிடக் கூடாது என்ற அச்சத்தில் என்.சி.ஏ.ஏ. பிடித்துவைத்த கேடயம். அதன் பின்னால் எழுபது ஆண்டுகள் ஒளிந்திருந்தார்கள். உழைத்தவனுக்குக் கூலி கொடுக்கத்தான் வேண்டும்.

ஆனால் கூலி கொடுத்த பிறகு அவனுடைய இரண்டு மணியைக் கேட்கும் உரிமை இன்னும் வலுத்துவிடும் என்று அஞ்சுகிறேன். காசு வாங்குகிறாய் அல்லவா, மைதானத்துக்கு வா என்பார்கள். நான் கேட்பது மிகச் சிறியது. ஒரு மாணவர் எடுக்க விரும்பும் பாடத்துக்கு ஒரே ஒரு வகுப்புதான் உண்டென்றால், அந்த நேரத்தில் பயிற்சி இருக்கக் கூடாது. பயிற்சிதான் நகர வேண்டும். ஆட்டம் முடிந்து, காயம் பட்டு, ஐந்து வருடம் கழித்து வந்தாலும் அந்த இடமும் உதவித்தொகையும் அவருக்குக் காத்திருக்க வேண்டும். பல்கலைக்கழகம் அவரை அழைத்தபோது கொடுத்த வாக்கு கல்விதான். பணத்தைக் கொடுத்து அந்த வாக்கிலிருந்து தப்பிக்கக் கூடாது.

இது முடியாத காரியமும் இல்லை. சிகாகோவில் கால்பந்து அப்படியே செத்துவிடவில்லை. 1963-ல் அதைத் திரும்பக் கொண்டுவரும் முயற்சியை எதிர்த்து மாணவர்கள் மைதானத்திலேயே உட்கார்ந்தார்கள். 1969-ல் அது முறைப்படி திரும்பி வந்தது. இன்று அங்கே மூன்றாம் பிரிவில் ஆடுகிறார்கள்; அந்தப் பிரிவில் விளையாட்டுக்கென்று உதவித்தொகையே கிடையாது. நான் ஒரு சனிக்கிழமை போய்ப் பார்த்தேன். சில நூறு பேர் இருந்தோம். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர், பேரன் ஆடுகிறான் என்று சொல்லி, பந்து அவன் பக்கம் வரும்போதெல்லாம் என் கையைப் பிடித்து அழுத்தினார். மோதல் அதே மோதல்தான்; மண்டை அதிரும் சத்தம் முன்வரிசைக்குக் கேட்டது. ஆட்டம் முடிந்ததும் இரண்டு வீரர்கள் வேர்வை காயாமல் ஏதோ ஒரு வேதியியல் கணக்கைப் பற்றி வாதாடிக்கொண்டே போனார்கள்.

அந்தப் பையனின் கதையைச் சொல்லி முடிக்கவில்லை. இரண்டாம் ஆண்டுப் பயிற்சியில் அவனுடைய முழங்கால் தசைநார் கிழிந்தது. முதல் அறுவை சிகிச்சை சரியாகவில்லை. இரண்டாவதற்குப் பிறகு இனி ஆட முடியாது என்று சொல்லிவிட்டார்கள். மருத்துவக் காரணத்தால் அணியிலிருந்து விலக்கிவிட்டு, உதவித்தொகையை மட்டும் தொடர்ந்தார்கள். வளாகத்தில் எதிர்ப்பட்டவன் ஊன்றுகோலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பையிலிருந்து புதிய கால அட்டவணையை எடுத்துக் காட்டினான். அச்சடித்த வரி ஒன்றுகூட இல்லை. எல்லாம் அவன் கையெழுத்து. பிரிவு மாற்றிக்கொண்டு சிவில் எஞ்சினியரிங்கில் சேர்ந்திருந்தான்.

"செவ்வாய்க்கிழமை இரண்டு மணி இப்போது காலியாக இருக்கிறது, சார்" என்றான்.

அடுத்த செவ்வாய்க்கிழமை அந்த ஆய்வகத்தின் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தேன். பாதுகாப்புக் கண்ணாடி அணிந்து, ஒற்றைக் காலில் பாரத்தைத் தாங்கி, இயந்திரம் ஓர் எஃகுக் கம்பியை இருபுறமும் இழுப்பதைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான். அவன் அப்பா பாலங்களுக்குக் கட்டும் அதே கம்பி. நடுவில் அது மெலிந்துகொண்டே வந்து, கதவுக்கு வெளியே கேட்கும்படி படீரென்று அறுந்தது. மற்றவர்கள் பின்வாங்கினார்கள். அவன் அசையாமல் நின்று, அளவியை எடுத்து, அறுந்த முனையின் விட்டத்தை அளந்து, நோட்டில் எழுதினான்.